"இதுவரை சரி": என் கணக்கு டீச்சருக்கு எப்படி எழுதுவது?

கணக்குப்பிள்ளை:

எல்லோருக்கும் வணக்கம். ஒரு உதவி கேட்டு இதைத் தொடங்குகிறேன்.

ஆறாம் வகுப்பில் எனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த டீச்சரின் முகவரி போன வாரம் கிடைத்தது. அவருக்கு இப்போது எண்பதைத் தாண்டியிருக்கும். நான் பள்ளியை விட்டு வந்து 34 வருடம் ஆகிறது. இத்தனை நாளில் ஒரு தடவைகூட அவரைப் போய்ப் பார்க்கவில்லை, ஒரு வரி எழுதவில்லை. இப்போது எழுத உட்கார்ந்தால், 'மதிப்பிற்குரிய டீச்சர் அவர்களுக்கு' என்பதைத் தாண்டிக் கை நகர மாட்டேன் என்கிறது.

அவர் என்ன செய்தார் என்று முதலில் உங்களிடம் சொல்லிப் பார்க்கிறேன். ஐந்தாம் வகுப்பு வரை கணக்கு நோட்டைத் திறந்தாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். ஏழு வரி எழுதி, ஏழாவது வரியில் விடை தப்பாக வந்தால், பக்கத்தின் மூலைக்கு மூலை சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி விழும். ஏழு வரியுமே தப்பு என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன். எல்லாமே தப்பு என்றால் எதைத் திருத்துவது? அதனால் எதையும் திருத்தியதில்லை.

இந்த டீச்சர் சிவப்புப் பேனா வைத்திருந்ததாகவே எனக்கு நினைவில்லை. பென்சில்தான். நம்மைப் பக்கத்தில் நிறுத்தி வைத்துக்கொண்டு வரி வரியாக விரலை வைத்துப் படித்து வருவார். தப்பு தொடங்கும் இடத்துக்கு முந்தைய வரியில் விரல் நின்றுவிடும். அந்த வரிக்குக் கீழே மெல்லிய கோடு ஒன்று போட்டு, ஓரத்தில் 'இதுவரை சரி' என்று எழுதுவார். தப்பு எது என்று எழுத மாட்டார். நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவார், அவ்வளவுதான்.

முதல் தடவை நடந்தது அப்படியே நினைவிருக்கிறது. அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்ட வேண்டும். நான் மேலே இருப்பதை மேலேயும், கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டி 2/5 என்று எழுதியிருந்தேன். கணக்கை எடுத்து எழுதிய முதல் வரிக்குக் கீழேயே கோடு விழுந்தது. இதுவரை சரி. அப்புறம் என்னைப் பார்த்து, "ஐந்தில் இரண்டு, அரையை விடப் பெரிசா சின்னதா?" என்று கேட்டார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "சின்னது டீச்சர்" என்றேன். "அரையோட இன்னும் கொஞ்சம் சேர்த்தோமே. சேர்த்த பிறகு எப்படிக் குறைஞ்சது?" அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. மேசை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. அவரும் அவசரப்படுத்தவில்லை. இரண்டையும் ஆறில் பங்காக மாற்றி, மூன்றும் இரண்டும் ஐந்து, 5/6 என்று நானே எழுதினேன். அன்றைக்கு வீட்டுக்கு ஓடியே போனேன்.

அப்புறம் அது ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது. என் பக்கத்தில் ஜன்னலோரம் உட்காரும் பையனும் நானும், யாருடைய கோடு இன்றைக்கு எத்தனை வரி கீழே இறங்கியிருக்கிறது என்று போட்டி போடுவோம். கோடு கடைசி வரிக்குக் கீழே விழுந்தால் கணக்கு முடிந்தது என்று பொருள்.

கரும்பலகையில் எழுதும்போது ஒவ்வொரு எண்ணையும் குறியையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதும் பழக்கமும் அவருக்கு உண்டு. "மூன்று, கீழே கோடு, கோட்டுக்குக் கீழே ஆறு, கூட்டல்..." அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. இன்றைக்கும் பலகையில் எதையாவது எழுதினால் நானும் சொல்லிக்கொண்டேதான் எழுதுகிறேன். அவரிடமிருந்து ஒட்டிக்கொண்டது.

நான் இப்போது கணக்குத் தணிக்கை வேலையில் இருக்கிறேன். புதிதாகச் சேரும் பிள்ளைகள் கொண்டுவரும் ஏடுகளில் வரவும் செலவும் ஒத்துப்போகாதபோது, எந்த வரி வரை ஒத்துப்போகிறதோ அங்கே பென்சிலால் கோடு போட்டு 'இதுவரை சரி' என்று எழுதிக் கொடுக்கிறேன். இருபது வருடமாக இதைத்தான் செய்கிறேன். எங்கிருந்து வந்தது என்று யாரிடமும் சொன்னதில்லை, அவரிடமும் சொன்னதில்லை.

இதை எப்படி எழுதுவது? என்னை அவருக்கு நினைவில்லாமல் போனால் என்ன செய்வது?

நீலமை:

இன்றைக்கே எழுதுங்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

என் மொழியாசிரியருக்கு எழுத நான் மூன்று வருடம் நல்ல வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். அவரிடம் படித்தவன் பிழையோடு எழுதக் கூடாதே என்று நாலு தடவை எழுதி நாலு தடவையும் கிழித்துப் போட்டேன். பிறகு அவர் மகன் மூலமாகச் செய்தி வந்தது. கிழித்த தாள்களில் ஒன்றையாவது அனுப்பியிருக்கலாம். பிழையோடு போயிருந்தால் திருத்தியாவது அனுப்பியிருப்பார்.

ஏட்டுச்சுவடி:

காலம் கடந்துவிட்டதே என்று நினைக்க வேண்டாம் நண்பரே. உ.வே.சா. தம் ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் படித்தது 1876 வரை. அந்த வருடம் ஆசிரியர் காலமானார். அப்போது உ.வே.சா.வுக்கு 21 வயதுகூட நிறையவில்லை. ஆசிரியரின் வரலாற்றை அவர் இரண்டு பாகமாக அச்சில் கொண்டுவந்தது 1933இலும் 1934இலும். நடுவில் 57 வருடம் ஓடிவிட்டது. ஊர் ஊராகப் போய் ஏடு தேடியது, சங்க நூல்களைப் பதிப்பித்தது என்று வாழ்க்கை முழுக்க வேலை. அவ்வளவுக்கும் பிறகு, எண்பது வயதை நெருங்கும்போது, ஆசிரியரைப் பற்றிச் சொல்ல அவரிடம் இரண்டு பாகத்துக்கு விஷயம் இருந்தது. உங்களுக்கு 34 வருடம்தானே?

இன்னொன்றும் சொல்கிறேன். பிரெஞ்சு எழுத்தாளர் ஆல்பெர் காம்யுவுக்கு 1957இல் நோபல் பரிசு கிடைத்தது. பரபரப்பு கொஞ்சம் அடங்கியதும், நவம்பர் 19 அன்று தன் தொடக்கப்பள்ளி ஆசிரியர் லூயி ஜெர்மேனுக்கு ஒரு கடிதம் எழுதினார். காம்யுவுக்கு ஒரு வயது நிறைவதற்கு முன்பே அப்பா முதல் உலகப் போரில் இறந்துவிட்டார். வீட்டில் வறுமை. பையன் மேலே படிக்க வேண்டும் என்று வீட்டாரிடம் பேசி, உதவித்தொகைத் தேர்வுக்குத் தனியாகச் சொல்லிக்கொடுத்தவர் அந்த ஆசிரியர். பரிசுச் செய்தி கேட்டதும் அம்மாவுக்கு அடுத்தபடியாக உங்களைத்தான் நினைத்தேன் என்பதுதான் கடிதத்தின் சாரம். அரைப் பக்கம்கூட வராது. பரிசை ஒட்டிய தன் உரைகளை நூலாக்கியபோதும் அந்த ஆசிரியருக்கே காணிக்கையாக்கினார்.

நீளம் முக்கியமில்லை என்பதற்காகச் சொன்னேன்.

வானிலை:

எல்லோரும் நல்ல ஆசிரியர்களைப் பற்றி எழுதுகிறீர்கள். என் அனுபவம் வேறு. சொல்லலாமா என்று தயங்கித்தான் எழுதுகிறேன்.

எட்டாம் வகுப்பில் என் அறிவியல் விடைத்தாளை வகுப்பு முழுவதும் கேட்கும்படி ஓர் ஆசிரியர் வாசித்துக் காட்டினார். நான் எழுதியிருந்த ஒவ்வொரு தப்புக்கும் நிறுத்தி நிறுத்தி வாசித்தார். கடைசியில் "உனக்கெல்லாம் இது வராது, வேற வேலையைப் பாரு" என்றார். முழுதாக ஐந்து நிமிடம் ஆகியிருக்காது. அதன் பிறகு எந்த வகுப்பிலும் நான் கை தூக்கவில்லை. கல்லூரியிலும் இல்லை. வேலைக்குச் சேர்ந்த பிறகு நடக்கும் கூட்டங்களில்கூட, கேள்வி தொண்டை வரை வந்து நிற்கும்.

மறக்க முடியாத மாற்றம் என்றால் இதுவும் அதுதானே? அவருக்கு யாரும் கடிதம் எழுதப் போவதில்லை. அப்படி ஒன்றைச் செய்தோம் என்பதே தெரியாமல் அவர் ஓய்வு பெற்றுப் போயிருப்பார். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

கணக்குப்பிள்ளை:

வானிலை, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். தயங்கினாலும் எழுதியது நல்லதாயிற்று. ஆறாம் வகுப்பில் வேறு யாராவது வந்திருந்தால் எனக்கும் அதே கதிதான். அந்தச் சிவப்புப் பெருக்கல் குறியும் "உனக்கு வராது" என்பதைத்தான் சொன்னது, வாயால் சொல்லவில்லை என்பது ஒன்றுதான் வித்தியாசம்.

சுவடு:

வானிலை சொல்வதற்கு ஆய்வு வழியாகவும் அடிப்படை உண்டு. அமெரிக்காவில் ராபர்ட் ரோசன்தால், லெனோர் ஜேக்கப்சன் என்ற இருவர் 1960களின் நடுவில் ஒரு தொடக்கப்பள்ளியில் ஒரு சோதனை செய்தார்கள். பிள்ளைகளுக்கு ஒரு தேர்வு வைத்து, ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குப் பிள்ளைகளின் பெயர்களை ஆசிரியர்களிடம் கொடுத்து, இவர்கள் இந்த வருடம் நன்றாக முன்னேறுவார்கள் என்று தேர்வில் தெரிகிறது என்றார்கள். உண்மையில் அந்தப் பெயர்கள் குருட்டாம்போக்கில் பொறுக்கப்பட்டவை. வருடக் கடைசியில் பார்த்தால், முக்கியமாக முதல் இரண்டு வகுப்புகளில், பெயர் கொடுக்கப்பட்ட பிள்ளைகள் மற்றவர்களைவிடக் கூடுதலாக முன்னேறியிருந்தார்கள். 1968இல் இது நூலாக வந்தது.

ஒன்றையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். அந்தச் சோதனையின் கணக்கீட்டு முறைகள் மேல் கடுமையான விமர்சனம் வந்தது. பிறகு செய்யப்பட்ட ஆய்வுகளில் ஆசிரியரின் எதிர்பார்ப்பு ஏற்படுத்தும் விளைவு பொதுவாகச் சிறிதாகவே தெரிகிறது. அதனால் ஒரு சொல்லால் ஒரு பிள்ளையின் தலையெழுத்தே மாறிவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் சராசரி சிறியது என்பதால் வானிலைக்கு நேர்ந்தது சிறியதாகிவிடாது. சராசரிக்குள் ஒரு தனிப் பிள்ளை எங்கே நிற்கிறது என்பதை எந்த ஆய்வும் காட்டாது.

சாக்குக்கட்டி:

நான் 32 வருடம் வகுப்பில் நின்றவள். ஓய்வு பெற்று ஒன்பது வருடம் ஆகிறது. மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவளாகச் சில விஷயங்கள் சொல்கிறேன்.

முதலில் வானிலைக்கு. அந்த ஐந்து நிமிடத்துக்கு எந்தச் சாக்கும் கிடையாது தம்பி. வகுப்பு பெரியது, வேலை அதிகம் என்றெல்லாம் சொல்லலாம், ஆனால் விடைத்தாளை வாசித்துக் காட்ட யாரும் நம்மை வற்புறுத்துவதில்லை. நானும் எங்கேயாவது ஒரு பிள்ளையை அப்படிச் சுருங்க வைத்திருப்பேனோ என்று இரவில் படுத்துக்கொண்டு யோசித்ததுண்டு. இரண்டு முகங்கள் நினைவுக்கு வருகின்றன. ஒருவரைத் தேடிப் போய்ச் சொல்லிவிட்டேன். இன்னொருவரைக் கண்டுபிடிக்க முடியவில்லை.

அடுத்தது கணக்குப்பிள்ளைக்கு. டீச்சர் மேற்கொண்டு பேசவில்லை, அவசரப்படுத்தவில்லை என்று எழுதினீர்களே, அதில்தான் என் கண் நின்றது. அது லேசான காரியம் என்று நினைத்துவிடாதீர்கள். மேரி பட் ரோ என்ற கல்வி ஆய்வாளர் வகுப்பறைப் பேச்சுகளை ஒலிப்பதிவு செய்து பார்த்து 1970களில் எழுதினார். கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் பதிலுக்குக் காத்திருக்கும் நேரம் சராசரியாக ஒரு நொடிதான். அதை மூன்று நொடிக்கு மேல் நீட்டினால் பிள்ளைகளின் பதில்கள் நீளமாகின்றன, பதில் சொல்லாமல் உட்கார்ந்திருப்பது குறைகிறது, வழக்கமாக வாய் திறக்காத பிள்ளையும் பேசத் தொடங்குகிறது.

இதைப் பயிற்சியில் கேட்டுவிட்டு வந்து மறுநாள் வகுப்பில் முயன்று பார்த்தேன். மூன்று நொடி மௌனம் வகுப்பில் எப்படி இருக்கும் தெரியுமா? நாற்பது ஜோடிக் கண்கள் நம்மையே பார்க்கும். பின்னால் ஒரு பெஞ்சு கிரீச்சிடும். பதில் தெரிந்த பிள்ளை பாதி எழுந்து நிற்கும். நாமே சொல்லிவிட்டால் பாடம் நகர்ந்துவிடும் என்று நாக்கு துடிக்கும். மனசுக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணினேன். மூன்று வருவதற்குள் நானே பதிலைச் சொல்லிவிட்டேன். அது கைவர எனக்கு ஒரு வருடம் ஆயிற்று. உங்கள் டீச்சர் ஒரே ஒரு பையனுக்காக, மற்ற பிள்ளைகளும் இருக்கிற வகுப்பில், அவ்வளவு நேரம் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறார். அதை அவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். கூட வேலை செய்கிறவர்கள் இதையெல்லாம் பார்ப்பதில்லை. மேற்பார்வைக்கு வருகிறவர்களும் பார்ப்பதில்லை. பார்த்தது நீங்கள் ஒருவர்தான்.

கடைசியாக, அவருக்கு உங்களை நினைவிருக்காமல் போகலாம். வருடத்துக்கு நான்கு பிரிவு, பிரிவுக்கு நாற்பது பிள்ளைகள் என்றால் 32 வருடத்தில் ஐயாயிரத்துக்கு மேல். எனக்குப் பாதி முகங்கள் போய்விட்டன. அதற்காக மனம் கோணாதீர்கள். மறந்துபோன பிள்ளையிடமிருந்து வரும் கடிதமும் எங்களுக்கு ஒரே மாதிரிதான் இனிக்கும்.

மெல்லோட்டம்:

சாக்குக்கட்டி அம்மா சொன்ன காத்திருப்பு எனக்கு ஹெலன் கெல்லரின் ஆசிரியை ஆன் சலிவனை நினைவுபடுத்துகிறது. பார்வையும் செவியும் இழந்த ஹெலன் கெல்லர் என்றால் எல்லோருக்கும் தண்ணீர்க் குழாயடிதான் ஞாபகம் வரும். ஒரு கையில் தண்ணீர் விழ, மறு கையில் ஆசிரியை எழுத்துகளை விரலால் எழுத, சொல்லுக்குப் பொருள் உண்டு என்று அந்தச் சிறுமிக்குப் புரிந்த நாள். அது 1887 ஏப்ரல் 5. ஆனால் சலிவன் அந்த வீட்டுக்கு வந்தது மார்ச் 3. இடையில் ஒரு மாதம், புரியாத கைக்குள் தினமும் எழுத்துகளை எழுதிக்கொண்டே இருந்திருக்கிறார். அவருக்கு அப்போது வயது இருபதுதான். சின்ன வயதில் வந்த கண்நோயால் அவர் பார்வையும் பழுதுபட்டிருந்தது. நாம் கொண்டாடுவது அந்த ஒரு நாளை. எனக்கோ முந்தைய அந்த மாதத்தின் மேல்தான் ஆசை.

கணக்குப்பிள்ளை:

நேற்று ராத்திரி ஒரு வரைவு எழுதினேன். முதல் பத்தி இது:

'மதிப்பிற்குரிய டீச்சர் அவர்களுக்கு, அறியாமை என்னும் இருளில் இருந்த என்னைக் கைபிடித்து அறிவு வெளிச்சத்துக்கு அழைத்து வந்த தெய்வம் நீங்கள். தங்களது பணி ஈடு இணையற்றது.'

படித்துப் பார்த்தேன். எழுத நினைத்தது இது இல்லை என்று மட்டும் தெரிகிறது.

சாக்குக்கட்டி:

பத்தி முழுவதையும் எடுத்துவிடுங்கள் தம்பி. பிரிவு உபசார விழாவில் எனக்கு வாசித்தளித்த மடலிலும் இதே வரிகள் இருந்தன. என் பெயரை எடுத்துவிட்டு யார் பெயரைப் போட்டாலும் அது பொருந்தும். பத்திரமாக அலமாரியில் வைத்திருக்கிறேன், ஆனால் மறுபடி எடுத்துப் பார்த்ததில்லை.

ஒரு பெண் எனக்கு எழுதிய நாலு வரிக் கடிதத்தைத்தான் அடிக்கடி எடுத்துப் பார்க்கிறேன். 'எனக்குத் திக்குவாய் என்று தெரிந்து, வருகைப் பதிவு எடுக்கும்போது உள்ளேன் என்று சொல்வதற்குப் பதிலாகக் கையைத் தூக்கினால் போதும் என்று வகுப்புக்கே சொன்னீர்கள். எனக்காகத்தான் என்று யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும்.' அவ்வளவுதான் கடிதம். நான் அதைச் செய்ததே மறந்துபோயிருந்தது.

இங்கே முதல் பதிவில் எங்களுக்கு எழுதினீர்களே, பென்சில், கோடு, ஐந்தில் இரண்டு. அதையே எடுத்து அனுப்புங்கள்.

நீலமை:

ஆமாம். அதை அப்படியே. எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக எழுதுங்கள், வயதானவர்.

வானிலை:

சுவடு எழுதியதையும் சாக்குக்கட்டி அம்மா எழுதியதையும் இரண்டு மூன்று தடவை படித்தேன். கோபம் போய்விட்டது என்று சொன்னால் பொய்யாகிவிடும். ஆனால் "எந்தச் சாக்கும் கிடையாது" என்று ஓர் ஆசிரியர் வாயால் கேட்க வேண்டும் என்று இத்தனை வருடம் இருந்திருக்கிறேன் போலிருக்கிறது. நன்றி அம்மா.

நேற்று என் மகள் வகுத்தல் கணக்கு ஒன்றைப் போட்டுக்கொண்டு வந்து நீட்டினாள். மூன்றாவது படியில் கழித்தது தப்பு. சொல்லப் போனேன், அப்புறம் நிறுத்திவிட்டு இரண்டாவது படிக்குக் கீழே பென்சிலால் கோடு போட்டுக் கொடுத்தேன். கொஞ்ச நேரம் கோட்டையே பார்த்தாள். "அப்ப இது வரைக்கும் நான்தான் கரெக்டா போட்டேனா?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

கணக்குப்பிள்ளை:

மூன்று வாரம் கழித்து வருகிறேன். மன்னிக்கவும்.

நீங்கள் எல்லோரும் சொன்னபடி முதல் பதிவையே பெரிய எழுத்தில் எழுதி, மூன்று பக்கம் அனுப்பினேன். பேசாமல் நின்ற அந்த நேரத்தைப் பற்றிச் சாக்குக்கட்டி அம்மா சொன்னதையும் என் வார்த்தையில் சேர்த்தேன். என் தொலைபேசி எண்ணைக் கீழே எழுதியிருந்தேன். முந்தாநாள் டீச்சரின் மகள் கூப்பிட்டார். டீச்சருக்கு இப்போது படிக்கக் கண் ஒத்துழைப்பதில்லை, அதனால் மகள்தான் கடிதத்தை இரண்டு தடவை வாசித்துக் காட்டியிருக்கிறார். பிறகு போனை டீச்சரிடம் கொடுத்தார்.

குரல் மெலிந்திருந்தது. ஆனால் அதே குரல்.

அம்மா எச்சரித்தபடியே, என்னை அவருக்கு நினைவில்லை. அதை மறைக்காமல் சொன்னார். "பேரைக் கேட்டதும் முகம் வரலைப்பா, வருத்தப்படாதே" என்றார். நான் வருத்தப்படவில்லை. பென்சில் எதற்கு என்று கேட்டேன். "தப்பைத் திருத்தின பிறகு கோட்டை அழிச்சுடலாமே, அதுக்குத்தான்" என்றார். நான் ஒரு கோட்டைக்கூட அழித்ததில்லை என்று சொன்னேன்.

அப்புறம் அவரே கேட்டார். "ஜன்னலோரம் ஒரு பையன்னு எழுதியிருந்தியே, உன் பக்கத்துல உட்கார்ந்தவன். ஒல்லியா, எப்பவும் கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்ப்பானே, அவன்தானே? அவன் இப்ப எங்கே இருக்கான்?"

எனக்குத் தெரியாது என்றேன்.

"அவனுக்குப் பலகையில எழுதுறது ஒண்ணும் தெரியாதுப்பா. கண்ணாடி போட்டா கேலி பண்ணுவாங்கன்னு வீட்டிலகூடச் சொல்லாம மறைச்சு வச்சிருந்தான். முன்னாடி வந்து உட்காருன்னா ஏன்னு எல்லாரும் கேப்பாங்க, அவன் பள்ளிக்கூடத்துக்கே வராம போயிடுவான். அதான் நான் சொல்லிக்கிட்டே எழுதுவேன். அவன் காதால கேட்டு எழுதிக்குவான். அப்புறம் அவங்க அம்மாவைக் கூப்பிட்டுப் பேசினேன். கண்ணாடி வாங்கினாங்களா இல்லையான்னு தெரியலை, அந்த வருஷத்தோட எனக்கு மாற்றல் வந்துடுச்சு."

ஒரு வருடம் முழுக்க அவன் தோளோடு தோள் உரச உட்கார்ந்திருந்தேன். கோடு எண்ணும் போட்டியில் அவன் நோட்டைக் கண்ணுக்கு அவ்வளவு பக்கத்தில் கொண்டுபோவான், நான் பார்த்திருக்கிறேன். ஏன் என்று ஒருநாளும் தோன்றவில்லை. சொல்லிக்கொண்டே எழுதுவது டீச்சரின் பழக்கம் என்று உங்களிடமும் எழுதினேன், டீச்சருக்கும் எழுதினேன்.

பழைய வகுப்பு நண்பர்கள் இருவரிடம் விசாரித்திருக்கிறேன். ஒருவர் இன்று காலையில் ஓர் எண் அனுப்பினார், அவனுடைய தம்பியின் எண்ணாம். வேலை முடிந்ததும் கூப்பிடப் போகிறேன். கண்ணாடி வாங்கினார்களா என்று கேட்டுச் சொல்லச் சொல்லியிருக்கிறார் டீச்சர்.